ஆறில்லாத சீமையும் கங்கைக்கரைச் சத்திரமும்

காரைக்குடிக்கு முதன்முறையாக வருகிறவர்கள் அண்ணாந்து பார்த்துக்கொண்டே நடப்பார்கள். வீடுகள் அப்படி! பர்மாத் தேக்கு, இத்தாலிச் சலவைக்கல், பெல்ஜியம் கண்ணாடி என்று பட்டியல் போட ஆரம்பித்தால் கட்டுரை அதிலேயே முடிந்துவிடும். ஆனால் கொஞ்சம் குனிந்து தரையைப் பார்த்தால் வேறொரு விஷயம் தெரியும். செம்மண். ஊருக்கு ஊர் ஊருணி. மழைக்குக் காத்திருக்கும் கண்மாய். அந்தப் பெரிய வீடுகளின் கூரைகூட மழைநீர் முற்றத்தில் விழும்படிதான் சரித்துக் கட்டப்பட்டிருக்கும். வற்றாத ஆறு என்று ஒன்று செட்டிநாட்டில் கிடையாது. மணிமுத்தாறு, பாம்பாறு என்று பெயர்கள் உண்டு. தண்ணீர் மழைக்காலத்தில் மட்டும்.

மலையும் அப்படித்தான். குன்றக்குடியில் ஒரு குன்று, பிள்ளையார்பட்டியில் ஒரு பாறை. வடமேற்கே போனால் பாரி ஆண்ட பறம்பு என்று சொல்லப்படும் பிரான்மலை. அவ்வளவுதான்.

இதில் வேடிக்கை என்னவென்றால், இங்கே வாழும் நாட்டுக்கோட்டை நகரத்தார் தங்களை ஆற்றங்கரைக்காரர்கள் என்றே சொல்லிக்கொள்கிறார்கள். காவிரி கடலில் கலக்கும் காவிரிப்பூம்பட்டினத்திலிருந்து பாண்டிய நாட்டுக்கு வந்தவர்கள் தாங்கள் என்பது அவர்களுடைய மரபுக் கதை. வந்தபிறகு இளையாத்தங்குடி தொடங்கிப் பிள்ளையார்பட்டி வரை ஒன்பது கோயில்களைப் பிரிவுக்கு ஒன்றாக வைத்துக்கொண்டார்கள். ஒரு காலத்தில் 96 ஊர்களில் பரவியிருந்தார்கள். இன்று அது எழுபத்துச் சொச்சமாகச் சுருங்கிவிட்டது.

ஆற்றை விட்டு வந்தவர்கள் ஆற்றை மறந்தார்களா? இல்லை. மலையையும் நதியையும் தேடிப் பல நூறு மைல் போனார்கள். எல்லா ஊர்க்காரர்களும்தான் யாத்திரை போகிறார்கள், இதில் என்ன புதுமை என்று கேட்கலாம். இவர்கள் போய்விட்டு வந்ததோடு நிற்கவில்லை. அடுத்தவர் போவதற்கும் தங்குவதற்கும் ஒரு ஏற்பாடு செய்து, அதற்கு ஒரு கணக்குப் புத்தகமும் திறந்துவிட்டு வந்தார்கள். அந்தக் கணக்குதான் இன்றுவரை நிற்கிறது.

உப்பு விற்கப் போன செட்டியார்

முதலில் மலை. பழனி.

தைப்பூசத்துக்குச் செட்டிநாட்டிலிருந்து பழனிக்கு நடந்து போகும் வழக்கம் சுமார் 400 ஆண்டுகளாக இருக்கிறது. இது வெறும் வாய்வழிக் கதை மட்டுமல்ல. பழனியில் உள்ள நகரத்தார் மடத்தைச் சேர்ந்த பழைய பட்டயங்கள் இதைப் பேசுகின்றன. நகரத்தாரின் வணிகத்தைப் பற்றி 1994ல் புத்தகம் எழுதிய அமெரிக்க ஆய்வாளர் டேவிட் ரட்னர்கூட, அவர்களுடைய பழைய வணிகத்தைத் தெரிந்துகொள்ள இந்த ஆவணங்களைத்தான் கையில் எடுத்தார். கோயில் பட்டயத்தில் வியாபாரச் செய்தி எப்படி வந்தது?

அங்கேதான் நெற்குப்பை குமரப்பன் வருகிறார். இவர் பழனிக்கு முதலில் போனது சாமி கும்பிட அல்ல, உப்பு விற்க! உப்புக்குக் கடற்கரையில் விலை குறைவு, உள்நாட்டில் விலை அதிகம். உள்ளே போகப்போக லாபம். பழனி பக்கம் வியாபாரம் நன்றாக நடந்தது. லாபத்தில் ஒரு பங்கை மகமையாக முருகனுக்கு என்று எழுதிவைத்தார். பிறகு மற்ற வியாபாரிகளும் சேர்ந்துகொண்டார்கள், காவடி சேர்ந்தது, மடம் வந்தது.

மகமை என்ற இந்தச் சொல்லைக் கொஞ்சம் கவனிக்க வேண்டும். இது மனம் வந்தபோது உண்டியலில் போடும் காசு அல்ல. வியாபாரத்தில் இவ்வளவுக்கு இவ்வளவு என்று தர்மத்துக்குப் பிரித்து, பேரேட்டிலேயே தனிப் பற்றுவரவாக எழுதுவது. சாமிக்கும் கடையில் ஒரு கணக்கு உண்டு! செட்டியார்கள் பிற்காலத்தில் ரங்கூனில் கடை வைத்தபோதும் சிங்கப்பூரில் வைத்தபோதும் இந்தப் பழக்கத்தை விடவில்லை. குமரப்பனின் உப்பு மூட்டையில் தொடங்கியது கடல் தாண்டியும் போனது.

நடைப்பயணம் இன்றும் குன்றக்குடியில் காவடிகள் கூடிப் புறப்படுவதாகத்தான் இருக்கிறது. சிங்கம்புணரி, நத்தம், திண்டுக்கல் பக்கமாக வழி. காரைக்குடியிலிருந்து பழனி 150 கிலோமீட்டருக்கு மேல் இருக்கும். விடியுமுன் எழுந்து நடை, வெயில் ஏறினால் ஓய்வு, சாயங்காலம் மறுபடி நடை. வழியில் எந்த ஊரில் யார் சாப்பாடு போடுவது, எங்கே தங்குவது என்பதெல்லாம் பரம்பரையாக முடிவானவை. பழனியில் சண்முகநதியில் குளித்துவிட்டுச் சுமார் 700 படி ஏற வேண்டும். 1966ல் இழுவை ரயிலும் 2004ல் ரோப் காரும் வந்தாலும் நடந்து வந்தவர் படியில் ஏறுவதைத்தான் விரும்புவார். காவடி எடுத்தவர்களில் ஒரு பகுதியினர் திரும்பும்போதும் நடந்தே ஊர் வருகிறார்கள். பஸ் இல்லாத காலத்தில் இது ஆச்சரியமில்லை. இப்போதும் அப்படி என்பதுதான் ஆச்சரியம்.

காவடி என்பதே மலையைத் தூக்கும் கதை அல்லவா? இடும்பன் சிவகிரி, சக்திகிரி என்ற இரண்டு மலைகளைத் தடியின் இரு முனையிலும் கட்டித் தோளில் தூக்கி வந்தான், இறக்கிவைத்த இடம் பழனி என்பது புராணம். மலையில்லாத சீமையிலிருந்து வந்தவர்களுக்கு இந்தக் கதை பிடித்துப் போனதில் வியப்பென்ன!

இங்கே ஒரு சின்ன ஒப்பீடு. பழனிக்கு மேலே அதே மலைத்தொடரில் இருக்கிறது கொடைக்கானல். மதுரையில் இருந்த அமெரிக்க மிஷனரிகள் 1845ல் அங்கே முதல் இரண்டு பங்களாக்களைக் கட்டினார்கள். காரணம் உடல்நலம். சமவெளியின் வெயிலும் காய்ச்சலும் காலராவும் அவர்களை வாட்டியெடுத்தன. ஆக மலையின் உச்சியில், வெயிலுக்குத் தப்பிப் போர்வைக்குள் ஓய்வெடுத்தவர்கள். அதே மலையின் அடிவாரத்தில், கொப்புளம் வந்த காலோடு பத்து நாள் நடந்து வந்து அதையே ஓய்வு என்று நினைத்தவர்கள். இரண்டு கூட்டமும் ஒன்றையொன்று பார்த்திருக்குமா என்பது வேறு விஷயம். 1936ல் கொடைக்கானலில் குறிஞ்சி ஆண்டவர் கோயிலைக் கட்டியவரும் ஒரு ஐரோப்பியப் பெண்மணிதான். இலங்கையின் பொன்னம்பலம் ராமநாதனை மணந்து லீலாவதி ஆனவர். அந்தக் கோயில் வாசலில் நின்றால், வானம் தெளிவாக இருக்கும் நாளில் கீழே பழனி தெரியும்.

நடப்பது எப்படி ஓய்வாகும்? செட்டிநாட்டு வாழ்க்கையைத் தெரிந்தவர்களுக்கு இது புரியும். ஒருவர் பர்மாவுக்கோ மலேயாவுக்கோ கடைக்கு ஏஜெண்டாகப் போனால் ஒரு கணக்கு மூன்று வருடம். மூன்று வருடமும் பெட்டியடியில் உட்கார்ந்து வட்டி எழுதுவது. மனைவி ஊரில், பெரிய வீட்டில், மாமியாரோடு. திரும்பி வந்து சில மாதம் ஊரில் இருப்பார், பிறகு மறுபடி கப்பல். அந்த இடைவெளியில் பங்காளிகளோடும் சம்பந்திகளோடும் பேசிக்கொண்டே பத்து நாள் நடப்பது என்றால்! கணக்குப்பிள்ளை இல்லை, கடன்காரர் இல்லை, முதலாளியும் அடுத்தாளும் ஒரே பந்தியில் உட்கார்ந்து சாப்பிட வேண்டும்.

போன நாட்டிலும் அவர்களுக்கு மலை தேவைப்பட்டது. பினாங்கில் அருவிக்குப் பக்கத்தில் 1850களில் முருகனுக்குக் கோயில் எழுப்பினார்கள். தண்ணீர்மலை என்று பெயர். 1894ல் அதற்கு வெள்ளி ரதம் போனது. போனது காரைக்குடியிலிருந்து. தைப்பூசத்தில் அந்த ரதம் இன்றும் ஓடுகிறது. அங்கிருந்து ஊருக்குத் திரும்பி வந்தது ஒரு பெயர். செட்டிநாட்டில் தண்ணீர்மலை என்று பெயர் வைத்த அப்பச்சிகள் எத்தனையோ பேர். பழனியப்பன், ராமநாதன், காசிவிசுவநாதன், விசாலாட்சி... ஒரு குடும்பத்தின் பெயர்களை வரிசையாகச் சொன்னாலே யாத்திரை வழித்தடம் கிடைத்துவிடும்.

காசிக்குப் போனவர் திரும்புவாரா?

பழனி பத்து நாள். காசி அப்படியல்ல. 2000 கிலோமீட்டருக்கு மேல்.

ரயிலுக்கு முன்னால் காசிப் பயணம் எப்படி இருந்தது என்று தெரிந்துகொள்ள ஒரு நல்ல சாட்சி இருக்கிறது. சென்னை உச்ச நீதிமன்றத்தில் மொழிபெயர்ப்பாளராக இருந்த ஏனுகுல வீராசாமி 1830 மே மாதம் சென்னையிலிருந்து காசிக்குப் புறப்பட்டார். கூட நூறு பேர் அளவுக்கு ஒரு கூட்டம். பல்லக்கு, கூடாரம், சமையல்காரர் எல்லாம் உண்டு. திரும்பி வந்தது 1831 செப்டம்பரில். பதினைந்து மாதம்! வழியெல்லாம் நாட்குறிப்பு எழுதித் தெலுங்கில் 'காசியாத்ரா சரித்ர'வாகத் தந்தார். 1838ல் அது அச்சானது. வசதியும் அரசாங்கச் செல்வாக்கும் உள்ளவருக்கே பதினைந்து மாதம் என்றால் சாதாரண ஆள் என்ன செய்வார்? அதனால்தான் காசிக்குப் போகிறவர் சொத்துக்கு ஏற்பாடு செய்துவிட்டு, உறவினரிடம் சொல்லிக்கொண்டு போனார். திரும்பினால் உண்டு.

போக முடியாதவர்களுக்கு அரசர்கள் வேறு வழி கண்டார்கள். காசியையே தெற்கே கொண்டுவந்துவிடுவது! 15ஆம் நூற்றாண்டில் பராக்கிரம பாண்டியன் தென்காசியில் விசுவநாதர் கோயில் கட்டினான். சிவகாசியின் பெயரிலும் காசி இருக்கிறது. வியாபாரிகளின் வழி இது அல்ல. காசியை இங்கே கொண்டுவருவதற்குப் பதில் அங்கே ஒரு வீடு வாங்கிப் போட்டார்கள்.

நகரத்தார் காசியில் சத்திரம் தொடங்கியது 1813ல். அதற்கு முன்பே காசியில் தமிழ் இருந்தது. 17ஆம் நூற்றாண்டில் குமரகுருபரர் கேதார கட்டத்தில் மடம் அமைத்துவிட்டார். பிற்பாடு 1898லிருந்து சில வருடம் பாரதியார் அத்தை வீட்டில் தங்கிப் படித்ததும் அதே கங்கைக்கரையில்தான். ஆனால் மடம் வேறு, சத்திரம் வேறு. மடத்துக்குத் துறவி வேண்டும். சத்திரத்துக்குச் சமையல்காரரும் கணக்கரும் போதும்!

கோதோலியா பகுதியில் இருக்கும் இந்தச் சத்திரம் செய்த காரியம் எளிமையானது. மொழி தெரியாத ஊரில் இறங்கும் கிழவருக்குப் படுக்க ஒரு திண்ணை, ரசம் சோறு, எந்தக் கட்டத்தில் குளிப்பது எங்கே திதி கொடுப்பது என்று தமிழில் சொல்ல ஒரு ஆள். பிரயாகை, கயா, கல்கத்தா என்று வழியிலும் சத்திரங்கள் வந்தன. தெற்கு முனையில் ராமேசுவரத்தில் விடுதி. பணத்தை மடியில் கட்டிக்கொண்டு போகவேண்டியதும் இல்லை. ஓர் ஊரில் கட்டி இன்னோர் ஊரில் வாங்கும் உண்டியல் முறை வியாபாரிகளுக்கு மட்டுமல்ல, யாத்திரிகர்களுக்கும் உதவியது.

சத்திரம் தொடங்கி நாலே வருடத்தில், 1817ல், வங்காளத்தில் காலரா பெரிதாகக் கிளம்பியது. அது ஆறுகளின் ஓரமாகவும் திருவிழாக் கூட்டங்களோடும் பரவிய நோய். அடுத்த நூறு வருடத்துக்கு யாத்திரை என்றாலே ஆட்சியாளர்களுக்குக் காலரா பயம்தான். 1867ல் ஹரித்துவார் கும்பமேளாவுக்குப் பிறகு நோய் வட இந்தியா முழுக்கப் பரவியது. புண்ணிய நதியில் மூழ்கிப் பாவத்தைக் கழுவப் போனவர்களில் எத்தனையோ பேர் அந்த நதிக்கரையிலேயே எரிந்தார்கள். சுத்தமான கிணறும் தெரிந்த சமையலறையும் உள்ள ஒரு வீடு அந்தக் காலத்தில் எவ்வளவு பெரிய விஷயம் என்பதை இதை வைத்துத்தான் அளக்க வேண்டும். பக்தியைப் பற்றிப் பேசுகிறவர்கள் இந்தச் சமையலறையைப் பற்றிப் பேசுவதில்லை.

பிறகு ரயில் வந்தது. 1887ல் காசியில் கங்கைமேல் பாலம். 1914ல் பாம்பன் பாலம். 1930 வாக்கில் காரைக்குடிக்கே ரயில். பதினைந்து மாதப் பயணம் சில நாளாகச் சுருங்கியது. ராமேசுவரத்தில் எடுத்த மணலைப் பிரயாகையில் கரைப்பது, அங்கிருந்து கங்கைத் தண்ணீரைக் கொண்டுவந்து ராமநாதருக்கு அபிஷேகம் செய்வது என்ற பழைய முறை, ரயிலுக்குப் பிறகு நடுத்தரக் குடும்பத்துக்கும் கைக்கு எட்டியது. வாய் அடைத்த செம்புச் சொம்பில் கங்கை ஒவ்வொரு வீட்டுப் பூஜை அறைக்கும் வந்தது. யாருக்காவது கடைசி மூச்சு வரும்போதுதான் அதை உடைப்பார்கள்.

முக்கியமாகப் பெண்கள். கொண்டுவிற்கக் கடல் தாண்டிப் போகும் உரிமை ஆண்களுக்கே இருந்த ஒரு சமூகத்தில், ஆச்சிகள் ஊரைவிட்டு வெகுதூரம் போக ஊர் ஒப்புக்கொண்ட ஒரே காரணம் யாத்திரை. பையன் கல்யாணம் முடிந்து, பேரன் பிறந்து, கையில் சாவிக்கொத்தை மருமகளிடம் கொடுத்த பிறகுதான் அதுவும்.

சம்போ

காசியில் இந்தச் சத்திரத்தைப் பிரபலமாக்கியது அதன் அறைகள் அல்ல, ஒரு சத்தம். விசுவநாதர் கோயில் பூஜைக்குப் பால், பூ, வில்வம், சந்தனம், திருநீறு எல்லாம் சத்திரத்திலிருந்து நாள்தோறும் எடுத்துப் போவார்கள். எடுத்துப் போகிறவர்கள் 'சம்போ! சம்போ மகாதேவா!' என்று உரக்கச் சொல்லிக்கொண்டே வேகமாக நடப்பார்கள். காசியின் சந்துகள் எப்படி என்று போனவர்களுக்குத் தெரியும். மாடு, ரிக்‌ஷா, பிணம், கல்யாணம் எல்லாம் ஒரே சந்தில்! அந்தச் சந்திலும் இந்தக் குரல் கேட்டால் கூட்டம் விலகி வழி விடும். இந்தி பேசும் ஊரில் தமிழ்நாட்டு வியாபாரிகள் வைத்த ஒரு பூஜை ஏற்பாடு 200 வருடம் தாண்டியும் நடக்கிறது. இதற்குப் பெயரே 'சம்போ' என்றாகிவிட்டது. விசாலாட்சி கோயிலும் நகரத்தார் பராமரிப்பில்தான் இருக்கிறது.

இத்தனைக்கும் பணம் எங்கிருந்து வந்தது? இதைச் சொல்லாமல் விட்டால் வரலாறு ஆகாது, விளம்பரம் ஆகிவிடும்.

பெரும்பகுதி கடல் தாண்டிய வட்டியிலிருந்து வந்தது, அதிலும் முக்கியமாகப் பர்மா. கீழ்ப் பர்மாவின் விவசாயிகள் காட்டை அழித்து நெல் வயலாக்கக் கடன் கொடுத்தவர்கள் செட்டியார்கள். ஆங்கில வங்கிகள் கொடுக்க மாட்டேன் என்ற இடத்தில் இவர்கள் கொடுத்தார்கள் என்பது உண்மை. 1930ல் உலக மந்தம் வந்து நெல் விலை சரிந்தபோது கடன் திரும்பவில்லை, அடமான நிலம் திரும்பியது என்பதும் உண்மை. 1930ல் 13 முக்கிய நெல் மாவட்டங்களில் விவசாய நிலத்தில் 6 சதவீதம் செட்டியார்களிடம் இருந்தது. 1938ல் அது 25 சதவீதம். நிலத்தை இழந்த பர்மிய விவசாயியின் கண்ணில் பட்டது கடன் கொடுத்தவர் முகம் மட்டும்தான், லண்டன் நெல் சந்தை அல்ல. அந்தக் கணக்குப் புத்தகத்தில் ஒரு பக்கம் வட்டி, இன்னொரு பக்கம் மகமை. காசியில் வில்வம் சுமந்து போனவருக்கு இரவாதி ஆற்றங்கரையில் வயலை இழந்தவரைத் தெரிந்திருக்க நியாயமில்லை. ஆனால் இருவரும் ஒரே பேரேட்டில் இருந்தார்கள்.

1942ல் ஜப்பான் படை பர்மாவுக்குள் வந்தது. செட்டியார்கள் கடையைப் பூட்டிவிட்டு ஓடிவந்தார்கள். பலர் அரக்கான் மலைவழியே நடந்து வந்தார்கள். மலையையும் ஆற்றையும் கடந்த அந்த நடைக்குப் பாட்டும் இல்லை, காவடியும் இல்லை, வழியில் சாப்பாடு போட ஆளும் இல்லை. சுதந்திரத்துக்குப் பிறகு பர்மா அரசு நிலங்களைத் தேசியமயமாக்கியது. செட்டிநாட்டில் வீடுகள் பூட்டப்பட்டன, சில இடித்துத் தூண் தூணாக விற்கப்பட்டன. காரைக்குடிப் பழம்பொருள் கடைகளில் இன்றும் அந்தத் தூண்களும் கதவுகளும் கிடைக்கின்றன.

வீடுகள் போனபோது சத்திரங்கள் ஏன் போகவில்லை? வீடு பங்காளிகளுக்குச் சொந்தம், பாகம் பிரிக்கலாம். சத்திரம் யாருக்கும் சொந்தமில்லை, நகரத்தார் பொதுவுக்குச் சொந்தம். தனி முதலாளி நொடித்தாலும் பொதுக் கணக்கு நொடிக்கவில்லை. காசியிலேயே சொத்தும் நந்தவனமும் வாங்கி வைத்திருந்ததும் கை கொடுத்தது. ரங்கூன் பணம் நின்றபிறகும் விசுவநாதருக்குப் பூ நிற்கவில்லை.

அந்தச் சொத்திலும் ஒரு பகுதி பறிபோய்த்தான் இருந்தது. காசியின் சிக்ரா பகுதியில் இருந்த நகரத்தார் நிலம் ஆக்கிரமிப்பில் போய், சமீபத்தில்தான் மீட்கப்பட்டது. அங்கே 10 மாடியில் 140 அறைகளோடு புதிய சத்திரம் கட்டி, 2025 அக்டோபர் 31 அன்று குடியரசுத் துணைத் தலைவர் சி.பி. ராதாகிருஷ்ணன் திறந்துவைத்தார். லிப்ட் உள்ள சத்திரம்! 1813ல் திண்ணையில் படுத்த யாத்திரிகர் பார்த்தால் என்ன சொல்வாரோ.

சம்போ மட்டும் இன்னும் கோதோலியாவின் பழைய சத்திரத்து வாசலிலிருந்துதான் புறப்படுகிறது, கால்நடையாக.